கணக்குப் பேயை விரட்டலாம் வாங்க!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரை ஓடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளை, திங்கட்கிழமை காலையில் யூனிஃபார்ம் போடும்போது மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறதா? ஓமத் தண்ணீருக்கும் அடங்காத அந்த வலி, லீவு போட்டாச்சு என்று தெரிந்த அடுத்த அரை மணியில் மாயமாகிவிடுகிறதா? ‘நடிக்கிறான்... முதுகில் ரெண்டு வைத்தால் சரியாப் போகும்’ என்று கையை ஓங்குவதற்கு முன்னால், அன்றைய டைம்டேபிளைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். முதல் பீரியட் கணக்கா? ‘டேபிள்ஸ் டெஸ்ட்’ என்று டைரியில் எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் வலிக்குக் காரணம் நேற்றுச் சாப்பிட்ட பஜ்ஜியாக இல்லாமல், எட்டாம் வாய்ப்பாடாக இருக்கலாம்!

சிரிக்காதீர்கள். அந்த வலி பொய் இல்லை. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. குடலின் இயக்கமே மாறிவிடுகிறது. மூளைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நரம்புகளின் நேரடி ‘லைன்’ இருப்பதால், மனசில் இருக்கும் பயம் தொப்புளைச் சுற்றி நிஜமாகவே வலிக்கும். பெரியவர்களான நமக்கே இன்டர்வியூவுக்குப் போகும் நாளில் வயிற்றைக் கலக்குவதில்லையா? அதே கதைதான்.

பேயும் வாய்ப்பாடும் ஒரே வீட்டில்!

கணக்கைப் பார்த்துப் பயப்படும்போது குழந்தையின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வினோத் மேனனின் ஆராய்ச்சிக் குழு ஸ்கேன் செய்தே பார்த்திருக்கிறது. 2012-ல் வெளியான அந்த ஆய்வில் 7 முதல் 9 வயதுள்ள பிள்ளைகள் சின்னச் சின்னக் கூட்டல், கழித்தல் கணக்குகளைப் போட்டார்கள். கணக்குப் பயம் அதிகம் இருந்த பிள்ளைகளுக்கு, மூளையில் அமிக்டலா என்ற பகுதி பரபரவென்று வேலை செய்தது. பாதாம்பருப்பு மாதிரி இருக்கும் இந்தப் பகுதிதான், பாம்பைப் பார்த்தாலும் இருட்டில் நிழல் அசைந்தாலும் ‘ஆபத்து!’ என்று மணி அடிப்பது. அதே சமயம், யோசிப்பதற்கும் கணக்கிடுவதற்கும் உதவும் பகுதிகள் மந்தமாகிவிட்டன.

இதில் நமக்கு என்ன பாடம்? ‘ஏழெட்டு எவ்வளவு? சொல்லு... சீக்கிரம் சொல்லு!’ என்று நாம் அதட்டும்போது, பிள்ளையின் மூளை பேயைப் பார்த்த மாதிரி ஓடத் தயாராகிறது. மனக்கணக்குப் போடும்போது எண்களைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ள மூளையில் ஒரு சின்னக் கரும்பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயம் வந்து அந்தக் கரும்பலகையில் பாதியை அடைத்துக்கொண்டால், தெரிந்த விடைகூட மறந்துபோகும். ‘நேத்து ராத்திரி கடகடன்னு சொன்னியே!’ என்று நீங்கள் ஆச்சரியப்படுவது இதனால்தான்.

நல்ல செய்தியும் இருக்கிறது. அதே குழு 2015-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு ஒருவர் வீதம் உட்கார்ந்து, பொறுமையாக 8 வாரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மிகவும் பயந்த பிள்ளைகளுக்குப் பயம் குறைந்தது. அமிக்டலாவின் ஆட்டமும் அடங்கியது. மாத்திரை இல்லை, மந்திரம் இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்ததுதான் வைத்தியம்!

பேய் வேஷம் போட்ட கணக்கு

பயத்தைப் போக்க இன்னொரு சுவாரஸ்யமான வழியை அமெரிக்கத் தொடக்கப் பள்ளி டீச்சர்கள் வைத்திருக்கிறார்கள். அங்கே அக்டோபர் 31-ந் தேதி ‘ஹாலோவீன்’ பண்டிகை. பிள்ளைகள் பேய், பிசாசு, சூனியக்காரி வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அந்த மாதம் முழுக்க வகுப்பறையில் பெருக்கல், வகுத்தல், வாசிப்புப் பயிற்சி எல்லாமே பேய் வேஷத்தில்தான் வரும். ‘5 வௌவால்களுக்கு எத்தனை சிறகு?’, ‘24 மிட்டாயை 6 பேய்களுக்குப் பங்கு போடு’, ‘பாழடைந்த பங்களா கதையைப் படித்துவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்’... இப்படி.

‘பேயையும் பிசாசையும் காட்டியா பாடம் நடத்துவது?’ என்று முகம் சுளிக்க வேண்டாம். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு கேட்கும் பேய்க்கதை, பயமாகவும் இருக்கும், இனிப்பாகவும் இருக்கும். ‘இது பொய்ப் பேய், எனக்கு ஒண்ணும் ஆகாது’ என்ற தைரியத்தோடு படுகிற பயம் அது. அந்தச் சிரிப்போடு கணக்கும் சேர்ந்து வந்தால், கணக்கைப் பார்த்து நடுங்குகிற பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும்.

நம்ம ஊர்ப் பூசணி

இதற்காக நாம் அமெரிக்கப் பண்டிகையை இறக்குமதி செய்ய வேண்டியதே இல்லை. புதுச்சேரியில் இருக்கும் உங்களுக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து கிராமங்களில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். அந்த ஜனங்கள் அமெரிக்கா போனபோது அங்கே விளைந்த பெரிய பரங்கிக்காயைப் பிடித்துக்கொண்டார்கள். ஹாலோவீன் பூசணி பிறந்த கதை இதுதான். நம் வீட்டில்? புது வீடு கட்டும்போது வெண்பூசணியில் பெரிய கண்ணும் கோரைப் பல்லும் முறுக்கு மீசையும் வரைந்து வாசலில் கட்டுகிறோமே, அந்தத் திருஷ்டிப் பூசணிதான் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி! பரங்கிக்காயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்ததுதான். பரங்கியர் கொண்டுவந்த காய் என்பதால்தான் அந்தப் பெயரே.

நாட்களும் பொருத்தமாகவே அமைந்திருக்கின்றன. ஹாலோவீனுக்கு மறுநாள் நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள். 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய தினம். அதற்கு மறுநாள், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறையில் குடும்பம் குடும்பமாக வந்து பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். (கல்லறைத் திருநாள் பிரிந்தவர்களை நினைத்து ஜெபிக்கும் நாள். அதை விளையாட்டாக்கும்படி சொல்லவில்லை. ‘ஒரு பெட்டியில் 6 மெழுகுவத்தி, 4 பெட்டி வாங்கினால் எத்தனை?’ என்று கடையில் நிற்கும்போது கேட்டால் தப்பில்லை.)

ஆகவே, அடுத்த தடவை குபேர் அங்காடிக்கு, அதாங்க, நம்ம பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது ஒரு பரங்கிக்காய்ப் பத்தை வாங்கி வாருங்கள். சாம்பாருக்கு நறுக்குவதற்கு முன், ‘உள்ளே எத்தனை விதை இருக்கும்? குத்துமதிப்பாச் சொல்லு’ என்று பிள்ளையிடம் கேளுங்கள். அப்புறம் விதைகளைக் கழுவி, பத்துப் பத்தாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். 8 குவியல், மேலே 3 என்றால் 83! எட்டுப் பத்து எண்பது என்பதை வாய் சொல்வதற்கு முன்னால் விரல் சொல்லிவிட்டது. விதைகளைக் காயவைத்து வறுத்தால் புரதமும் துத்தநாகமும் மக்னீசியமும் உள்ள நல்ல நொறுக்குத் தீனி. (4 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழு விதை வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.) காயின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின், உடம்பில் வைட்டமின் ‘ஏ’யாக மாறிக் கண்ணுக்கும் நல்லது செய்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

பெருக்கல் கண்ணுக்குத் தெரியட்டும்

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யலாமா, கூடாதா? சிலர் ‘மனப்பாடமே தப்பு’ என்கிறார்கள். சிலர் ‘நாங்கள் எல்லாம் அப்படித்தான் படித்தோம்’ என்கிறார்கள்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடியைச் சத்தமாகச் சொல்லியும் எழுதியும் படித்தார்கள். முழு எண்ணோடு வீசம், அரைக்கால், கால் எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இந்தச் சுவடிகளையும் திண்ணைப் பள்ளிக் கணக்கையும் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளிகளில் பிரம்படியும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால், அங்கே படித்த எண்கள் நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி கொடுக்கவும் அன்றாடம் பயன்பட்டன. நாம் மனப்பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அளக்கும் படியையும் மரக்காலையும் விட்டுவிட்டோம். அதுதான் கோளாறு.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கையால் தொட வேண்டும். அப்புறம் படமாகப் பார்க்க வேண்டும். கடைசியில் வாயால் சொல்ல வேண்டும்.

* கோலம்: வாசலில் நேர்ப்புள்ளி வையுங்கள். 7 புள்ளி, 8 வரிசை. ‘மொத்தம் எத்தனை?’ ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். ஐந்தாவது வரிசைக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். மேலே ஐயேழு முப்பத்தஞ்சு. கீழே மூவேழு இருபத்தொண்ணு. சேர்த்தால் 56. ஏழெட்டு மறந்துபோனாலும் தெரிந்த இரண்டு கணக்கிலிருந்து அதைக் கட்டிவிடலாம் என்ற தைரியம் பிள்ளைக்கு வந்துவிடும்.

* தெரு: நம் ஊரின் பழைய பகுதியில் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர்கள் கையில் ஊர் இருந்த சமயத்தில் போட்ட திட்டத்திலிருந்து வந்த அமைப்பு அது. வரைபடத்தை விரித்து, ‘இந்தப் பக்கம் 4 தெரு, அந்தப் பக்கம் 6 தெரு. எத்தனை முச்சந்தி, நாற்சந்தி வரும்? சந்திக்கு ஒரு பேய் நின்னா எத்தனை பேய்?’ என்று கேளுங்கள். (விடை 24. வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.)

* பிரெஞ்சு எண்: வீட்டில் பிரெஞ்சு தெரிந்த தாத்தா இருந்தால் 80-க்கு என்ன பேர் என்று கேட்கச் சொல்லுங்கள். ‘காத்ர் வேன்’ என்பார். அதற்கு அர்த்தம் ‘நாலு இருபது’! 99 என்று சொல்ல ‘நாலு இருபது, பத்து, ஒன்பது’ என்று சொல்ல வேண்டும். எண்ணின் பெயருக்குள்ளேயே பெருக்கல் ஒளிந்திருக்கிறது. நம் தமிழில் ‘ஐம்பது’க்குள் ஐந்து பத்து இருப்பதையும் அப்படியே காட்டிவிடுங்கள்.

நூறு பேய் இல்லை... பதினைந்துதான்!

ஒன்றிலிருந்து பத்து வரை வாய்ப்பாடு என்றால் மொத்தம் 100 வரி. பிள்ளைக்கு அது நூறு பேயாகத் தெரிகிறது. நிஜத்தில் எத்தனை? வாருங்கள், விரட்டிப் பார்ப்போம்.

மூவெட்டும் எட்டு மூணும் ஒன்றுதான். அப்படி இரட்டையாக வருவதைக் கழித்தால் 55. ஒன்றாம் வாய்ப்பாட்டுக்கும் பத்தாம் வாய்ப்பாட்டுக்கும் யாரும் பயப்படுவதில்லை. அவை போனால் 36. இரண்டாம் வாய்ப்பாடு என்பது இரட்டிப்பு, போனால் 28. ஐந்தாம் வாய்ப்பாடு கடிகார முள்ளிலேயே இருக்கிறது, போனால் 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குப் பத்து விரல் போதும்: நாலொன்பது வேண்டுமா? பத்து விரலையும் விரித்து, இடமிருந்து நாலாவது விரலை மடக்குங்கள். இடப்பக்கம் 3, வலப்பக்கம் 6. விடை 36! ஒன்பதும் ஓடிவிட்டது.

மிச்சம் 15-தான்! மும்மூன்று, முந்நான்கு, மூவாறு, மூவேழு, மூவெட்டு, நானான்கு, நாலாறு, நாலேழு, நாலெட்டு, ஆறாறு, ஆறேழு, ஆறெட்டு, ஏழேழு, ஏழெட்டு, எட்டெட்டு.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 15 குட்டிப் பேய் வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கணக்கு, முதுகில் விடை. துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். தினமும் மூன்று பேய்க்கு மேல் வேண்டாம். யோசித்துச் சரியாகச் சொன்னால், ஒரு வேப்பிலைக் கொத்தால் அந்தப் பேய்க்கு ஒரு அடி! மூன்று நாள் தொடர்ந்து சரியாகச் சொன்ன பேயைக் கயிற்றிலிருந்து இறக்கி டப்பாவில் போட்டு மூடிவிடலாம். வாரம் ஒரு தடவை டப்பாவைத் திறந்து பாருங்கள். ஒன்றிரண்டு தப்பித்திருந்தால் மறுபடி கயிற்றுக்கு. திட்டு இல்லை, சிரிப்புதான்.

வகுத்தலில் இரண்டு முகம்

பெருக்கலைத் தாண்டிய பிள்ளைகூட வகுத்தலில் தடுக்கி விழும். ‘ஏசர்’ என்ற கல்வி அறிக்கை 2024-ல் சொன்னது: இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 10 பேரில் சுமார் 3 பேர்தான் சாதாரண வகுத்தலைச் சரியாகப் போட்டார்கள். உங்கள் பிள்ளை மட்டும் மக்கு இல்லை, புரிகிறதா?

வகுத்தல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. 24 சீடை இருக்கிறது. 4 குட்டிப் பேய்க்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை? இது பங்கு போடுவது. 24 சீடை இருக்கிறது. ஒரு பேய்க்கு 4 கொடுத்தால் எத்தனை பேய்க்கு வரும்? இது கூறு கட்டுவது. விடை இரண்டிலும் 6-தான். ஆனால் கையால் செய்து பார்த்தால் வேலை வேறு வேறு. இரண்டையும் சீடையை வைத்தே செய்யச் சொல்லுங்கள். மீதி வந்தால் அந்த மீதி யாருக்கு என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். (பெரும்பாலும் அதன் வாய்க்குத்தான் போகும்!)

கேள்வியைப் படித்தால் பாதிக் கணக்கு

‘கணக்கு வருது, ஆனா வாக்கியக் கணக்கு வரலை’ என்று பல அம்மாக்கள் சொல்வதுண்டு. அங்கே தகராறு கணக்கில் இல்லை, வாசிப்பில்.

1980 வாக்கில் பிரான்ஸில் கிரெனோபில் நகரத்து கணிதக் கல்வி ஆராய்ச்சியாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருந்தால், கேப்டனுக்கு என்ன வயசு என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் கொடுத்த எண்களை வைத்து ஏதோ ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! ஆட்டுக்கும் கேப்டன் வயசுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் கூட்டு, பெருக்கு என்று கை ஓடிவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ‘தலா’, ‘வீதம்’, ‘மீதம்’, ‘ஒவ்வொன்றிலும்’... இந்த வார்த்தைகள் வீட்டுப் பேச்சில் அடிபடுவதே இல்லை. ‘ஆளுக்கு மூணு’ என்றால் புரிகிற பிள்ளைக்கு, ‘தலா மூன்று’ என்றால் புரியாது. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு இரட்டைக் கஷ்டம். கேள்வியை முதலில் வீட்டுத் தமிழில் அதன் வாயாலேயே சொல்ல வையுங்கள். என்ன நடக்கிறது என்று ஒரு படம் வரையட்டும். அப்புறம்தான் பென்சில் எண்ணைத் தொட வேண்டும்.

இதற்கு நம்மிடம் ஒரு பிரமாதமான வாத்தியார் இருக்கிறார்: முருங்கை மரத்து வேதாளம்! 1947-ல் தொடங்கி அறுபது வருடங்களுக்கு மேல் வந்த ‘அம்புலிமாமா’வில், சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் படத்தை மறக்க முடியுமா? வேதாளம் கதை சொல்லும். கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். ஒழுங்காகக் கவனித்தால்தான் பதில். வாசிப்புப் பயிற்சி என்று இன்றைக்குச் சொல்வதும் இதேதான். ராத்திரி 10 நிமிஷம் ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் பிள்ளை என்று மாறி மாறிச் சத்தமாகப் படியுங்கள். நடுவில் நிறுத்தி, ‘இப்ப ராஜா என்ன செஞ்சிருக்கணும்?’ என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டித் திணறினால் உடனே பாய்ந்து திருத்த வேண்டாம். மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு உதவுங்கள்.

வேதாளம் கேட்கும் ஐந்து கேள்வி
(வெட்டி எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டலாம்)

1. முருங்கை மரத்தில் 6 கிளை. கிளைக்கு 7 வேதாளம் தொங்குகிறது. 5 வேதாளம் இறங்கிப் போய்விட்டது. மரத்தில் எத்தனை?

2. மரத்தில் மிஞ்சிய வேதாளங்கள் எல்லாம் பீச்சுக்குப் போக ஆசைப்பட்டன. ஒரு ஆட்டோவில் 4 வேதாளம் ஏறலாம். எத்தனை ஆட்டோ வேண்டும்?

3. கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி 8 கல் தூண். தூணுக்குத் தலா 7 குட்டிப் பேய் ஒளிந்திருக்கிறது. மொத்தம் எத்தனை?

4. திருஷ்டிப் பூசணி ஒவ்வொன்றுக்கும் 9 பல் வரைய வேண்டும். ஓவியர் 63 பல் வரைந்துவிட்டார். எத்தனை பூசணி?

5. பூதத்திடம் 3 பெட்டி. பெட்டிக்கு 12 லட்டு. பூதத்துக்கு என்ன வயசு?

விடைகள்: (1) 37. (2) 10. ஒன்பது ஆட்டோவில் 36 போய்விடும்; மிச்சமிருக்கும் ஒரு வேதாளத்தை விட்டுவிட்டுப் போக முடியுமா? (3) 56. (4) 7. (5) சொல்லவே முடியாது. ‘36’ என்று பதில் வந்தால், கேள்வியை இன்னொரு தடவை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்!

உங்களுக்கும் ஒரு வார்த்தை

‘எனக்கும் சின்ன வயசிலேர்ந்து கணக்குன்னா அலர்ஜி. அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கான்...’ பிள்ளை காதுபடப் பெருமையாகச் சொல்கிறவரா நீங்கள்? தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். 2015-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் அடிக்கடி ஹோம்ஒர்க்கில் உதவிய வீடுகளில், வருடக் கடைசியில் பிள்ளைகள் கணக்கில் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள், பயமும் கூடியிருந்தது. ஜலதோஷம் மாதிரி பயமும் தொற்றுகிறது! பெற்றோர் உதவக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பதற்றத்தோடு உதவக் கூடாது, அவ்வளவுதான்.

* ஸ்டாப்வாட்ச் வேண்டாம். வேகம் பழகப் பழகத் தானாக வரும்.

* ‘எப்படி இந்த விடை வந்தது?’ என்று தப்பான விடைக்கு மட்டுமல்ல, சரியான விடைக்கும் கேளுங்கள்.

* தினமும் 20 நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது எத்தனையோ மேல்.

* தூக்கத்தைத் திருடாதீர்கள். 6 முதல் 12 வயது வரை தினமும் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான்.

* பேய் கோமாளிப் பேயாகவே இருக்கட்டும். இருட்டுக்கு ரொம்பப் பயப்படுகிற பிள்ளை என்றால் பேயை விட்டுவிடுங்கள். யானை, குரங்கு, டைனோசர் எதுவும் அந்த வேலையைச் செய்யும். ‘படிக்கலேன்னா பூச்சாண்டி பிடிச்சுக்கும்’ என்று மிரட்டவே மிரட்டாதீர்கள். செய்த வேலை எல்லாம் கெட்டுப்போகும்.

* அடி உதவவே உதவாது. 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டமே பள்ளியில் அடிப்பதையும் மனசைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. வீட்டிலும் அந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்கலாமே!

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எல்லா வயிற்றுவலியையும் கணக்குத் தலையில் கட்டிவிடக் கூடாது. வலியோடு ஜுரம், தொடர் வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவது, ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளை விட்டு விலகி ஒரே இடத்தில், முக்கியமாக வலது அடிவயிற்றில் வலி... இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

கரும்பலகையைப் பார்த்துத் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டு வந்தால், முதல் வேலையாகக் கண் பரிசோதனை. கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறது என்றால் காதையும் பாருங்கள்.

மாதக்கணக்கில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தும், எட்டு வயதுப் பிள்ளைக்கு 7 பெரியதா 9 பெரியதா என்பதே தடுமாற்றமாக இருந்தால், சின்னக் கூட்டலுக்கும் விரலையே நம்பியிருந்தால், அது ‘டிஸ்கால்குலியா’ என்ற கணிதக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். எழுத்தில் இதே போன்ற தடுமாற்றம் ‘டிஸ்லெக்ஸியா’. இரண்டுக்கும் புத்திக்கூர்மைக்கும் சம்பந்தமில்லை. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் கற்றல் குறைபாடுகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. முறையாகச் சோதித்துச் சான்று பெற்றால், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் விசாரித்தால் யாரைப் பார்ப்பது என்று வழிகாட்டுவார்கள். ‘லேபிள் ஒட்டிடுவாங்களோ’ என்று தயங்கி வருடங்களை வீணாக்க வேண்டாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரம் உதவி கிடைக்கும்.

தொடக்கப் பள்ளியில் ஒட்டிக்கொள்ளும் கணக்குப் பயம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. பத்தாம் வகுப்பு வரை கூட வரும். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்பதை அது தீர்மானிக்கும். ‘எனக்கு வராது’ என்ற எண்ணம் ஏழு வயதில் முளைவிடும்போதே கிள்ளிவிடுவது சுலபம். அதற்குத் தேவை 15 அட்டை, ஒரு கொத்து வேப்பிலை, தினமும் 20 நிமிஷம், கொஞ்சம் பொறுமை. இன்றைக்கே கத்தரிக்கோலை எடுங்களேன்!